போர்க்கால பிரிட்டிஷ் லாரி: எதை வாங்குவது, எப்படிக் காப்பது?

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ லாரி ஒன்றை வாங்கிப் பாதுகாக்க நினைக்கிறவர் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். எந்த வண்டி என்பது ஒன்று. வாங்கிய பிறகு அதை எந்த நிலையில் வைத்துக்கொள்வது என்பது இன்னொன்று. முதல் முடிவுக்காக எல்லோரும் மாதக்கணக்கில் அலைகிறார்கள், நாலு பேரிடம் யோசனை கேட்கிறார்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது முடிவு மட்டும் அவசரத்தில் நடந்துவிடுகிறது. வண்டி வந்து இறங்கிய வாரமே பழைய பெயின்ட்டை உரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எடுத்த வண்டி ஒத்துவரவில்லை என்றால் விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம். 1942இல் தொழிற்சாலையில் பூசிய பெயின்ட் ஒருமுறை உரிந்து போனால் போனதுதான். அதனால் வண்டிகளை ஒப்பிடும்போதே, ஒவ்வொன்றிலும் பழைய சான்று எவ்வளவு மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

மிஞ்சியவை எப்படி மிஞ்சின

1940இல் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கியபோது பிரிட்டிஷ் படை 60,000க்கும் மேற்பட்ட வாகனங்களை பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. போருக்கு முன் கட்டிய வண்டிகளில் பெரும்பங்கு அங்கேயே போய்விட்டது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் லூட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் பெட்ஃபோர்டு தொழிற்சாலையும், லாங்பிரிட்ஜில் ஆஸ்டினும், கனடாவில் ஃபோர்டும் ஷெவர்லேயும் இரவு பகலாக லாரி கட்டின. பெட்ஃபோர்டு மட்டுமே போர் முடிவதற்குள் சுமார் 2,50,000 ராணுவ லாரிகளைக் கட்டியது.

போர் முடிந்ததும் ராணுவத்துக்கு இத்தனை வண்டி தேவைப்படவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரின் ரடிங்டன் கிடங்கில் உபரி வண்டிகளின் ஏலம் 1983 வரை நடந்துகொண்டிருந்தது. ஏலத்தில் எடுத்தவர்கள் விவசாயிகள், மரம் வெட்டும் நிறுவனத்தார், கராஜ் வைத்திருந்தவர்கள், ஊர் ஊராகப் போய் ராட்டினம் போடும் திருவிழாக்காரர்கள். அவர்களுக்கு உழைத்த வண்டி பிழைத்தது, மற்றது காயலான் கடைக்குப் போனது. இன்று எந்த மாடல் எளிதாகக் கிடைக்கிறது, எது அரிது என்பதை நிர்ணயித்தது போர்க்களம் மட்டுமல்ல, போருக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளின் பிழைப்பும்தான். வாங்கப் போகிறவர் இதை மறக்கக் கூடாது. நீங்கள் வாங்குவது ஐந்தாண்டு ராணுவ வாழ்க்கையும் அதைவிட நீண்ட சிவிலியன் வாழ்க்கையும் கொண்ட வண்டி.

முதல் வண்டிக்கு: பெட்ஃபோர்டு எம்டபிள்யூவா, க்யூஎல்லா, கனடா லாரியா?

முதன்முதலாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் சுற்றுவார்கள்.

பெட்ஃபோர்டு எம்டபிள்யூ சின்ன வண்டி. 15 ஹண்டர்வெயிட், அதாவது முக்கால் டன் சரக்கு ஏற்றலாம். பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுவை. 1939 முதல் 1945 வரை சுமார் 66,000 கட்டினார்கள். தொடக்க கால எம்டபிள்யூவில் கேபின் என்று ஒன்று கிடையாது; மடக்கக்கூடிய முன்கண்ணாடியும் தலைக்குமேல் ஒரு படுதாவும்தான். கதவும் மூடிய கேபினும் பிற்பாடுதான் வந்தன. குளிரில் ஓட்டுவது கஷ்டம். ஆனால் வீட்டை ஒட்டிய பெரிய கொட்டகையில் நிறுத்திவிடலாம், ஒரு ஆளே பழுது பார்க்கலாம், 9.00-16 அளவு டயர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

க்யூஎல் மூன்று டன் வண்டி, நான்கு சக்கர இழுவை. 1941 முதல் 1945 வரை சுமார் 52,000 வெளியே வந்தன. எம்டபிள்யூவில் உள்ள அதே ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான் இதிலும்: 3,519 சிசி, 72 குதிரைத்திறன். போருக்குப் பிறகு பெட்ஃபோர்டு ஓபி பஸ்ஸிலும் இதே எஞ்சின் ஓடியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெட்ஃபோர்டு என்ற பெயர் தெரியாத பழைய மெக்கானிக் இருக்க முடியாது. இந்தக் குடும்ப உறவுதான் க்யூஎல்லின் பெரிய பலம். பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் என்று எஞ்சின் சாமான் தேடுவது சிரமமில்லை. சிரமம் தருவது முன் ஆக்ஸிலும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கியர்பாக்ஸும், மரப் பாடியும். மூன்று டன் ஏற்றிய லாரியை 72 குதிரைகள் இழுக்கின்றன என்பதால் மணிக்கு 38 மைலுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எஞ்சின் கேபினுக்குள்ளேயே ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சூடும் சத்தமும் உள்ளேதான்.

க்யூஎல்லில் எனக்குப் பிடித்தது அதன் வகைகள். ஒரே சேஸில் சரக்கு லாரி, ஆள் ஏற்றும் லாரி, வயர்லெஸ் அறை, பெட்ரோல் டேங்கர், போஃபர்ஸ் பீரங்கி இழுவை வண்டி என்று பல பாடி கட்டினார்கள். அதனாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. போருக்குப் பிறகு பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் சேஸில் வேறு பாடி கட்டி ஓட்டிய வண்டிகள் ஏராளம். சரக்கு லாரி என்று சொல்லி விற்கிறவரிடம், அந்தப் பலகைகள் எந்த ஆண்டு போட்டவை என்று கேளுங்கள். சேஸின் பக்கவாட்டில் இப்போதைய பாடிக்குச் சம்பந்தமில்லாத போல்ட் துளைகளைத் தேடுங்கள். வயர்லெஸ் வண்டியாக இருந்ததற்கான தடயம் அங்கே இருந்தால், அதன் மேல் சரக்குப் பாடி கட்டுவது அந்த வண்டியின் வரலாற்றை மாற்றி எழுதுவதாகும்.

மூன்றாவது, கனடாவில் கட்டிய சிஎம்பி (கனேடியன் மிலிட்டரி பேட்டர்ன்) லாரிகள். பிரிட்டிஷ் ராணுவம் கேட்ட அளவுகளுக்கு, வலப்பக்க ஸ்டியரிங்கோடு, ஃபோர்டும் ஷெவர்லேயும் சுமார் 4 லட்சம் வண்டிகளைக் கட்டின. பிரிட்டிஷ் லாரி என்றால் பிரிட்டனில் கட்டியதுதான் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஏறிப்போனவற்றில் இவையும் பெரும்பங்கு. இந்தியாவுக்கும் சேஸ்கள் வந்தன. அவற்றின் மேல் டாடாநகரில் கவசத் தகடு பொருத்தி இந்தியன் பேட்டர்ன் கேரியர் என்ற வண்டியாக்கினார்கள். பிந்தைய சிஎம்பி கேபினில் முன்கண்ணாடி மேலிருந்து கீழே உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி, மேலே பறக்கும் விமானத்துக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

ஸ்பேர் விஷயத்தில் மூன்றிலும் சிஎம்பிதான் முன்னால் நிற்கிறது. ஃபோர்டின் 95 குதிரைத்திறன் வி8 எஞ்சின் அமெரிக்கப் பழைய கார் பிரியர்களின் செல்லப்பிள்ளை. அதற்கு இன்றும் புது உதிரிபாகம் செய்கிறார்கள். ஷெவர்லே ஆறு சிலிண்டருக்கும் அப்படியே. முன் அனுபவம் இல்லாதவர், ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர், தனி ஆள் என்றால் 15 ஹண்டர்வெயிட் சிஎம்பியைத்தான் முதலில் சொல்வேன். பிரிட்டனில் கட்டியதுதான் வேண்டும் என்றால் எம்டபிள்யூ. கொட்டகையும் கூட்டாளிகளும் இருந்தால் மட்டும் க்யூஎல்.

எதை வாங்கினாலும் சக்கரத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ராணுவச் சக்கரங்கள் பலவும் இரண்டு பாதிகளை போல்ட்டால் சேர்த்துப் பிணைத்தவை. சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். ஒரு வட்டம் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிறது. இன்னொன்று இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிடிக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து எதிரே இருக்கும் ஆளைக் கொன்றுவிடும். அதற்காகத்தான் ராணுவம் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தது. எண்பது ஆண்டுகளில் மேலே மேலே பூசிய பெயின்ட்டில் அந்தச் சிவப்பு மறைந்திருக்கும். ஸ்பானரை எடுப்பதற்கு முன் வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள்.

ஆம்புலன்ஸும் பீரங்கி இழுவை வண்டியும்

ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸ் 1940 முதல் 1945 வரை சுமார் 13,000 கட்டப்பட்டது. படுத்த நிலையில் நான்கு பேர், அல்லது உட்கார்ந்த நிலையில் பத்துப் பேர். ஓட்டியவர்கள் கேட்டி என்று செல்லமாக அழைத்தார்கள். 1945இல் இளவரசி எலிசபெத் பெண்கள் துணைப்படையில் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் பயிற்சி பெற்றதால் இந்த வண்டிக்குத் தனிப் புகழ் சேர்ந்துவிட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு வெறும் கேன்வாஸ். பின்னால் நோயாளிகளுக்கு மட்டும் மூடிய அறை. மனதைத் தொடும் வண்டி. ஆனால் பாடியின் எலும்புக்கூடு மரம். கூரை ஒழுகி, மரச்சட்டத்தின் அடிமூலைகளில் தண்ணீர் தேங்கி இற்றுப்போயிருந்தால் எஞ்சின் வேலையைவிட தச்சுவேலைதான் அதிகம் இருக்கும். மரவேலை தெரிந்த கை உங்களிடம் இல்லை என்றால் கே2 பக்கம் போகாதீர்கள்.

மாரிஸ் சி8 குவாட் 25 பவுண்டர் பீரங்கியையும் அதன் குண்டுப் பெட்டியையும் ஆறு பேர் கொண்ட குழுவையும் இழுத்துப் போன வண்டி. வண்டு முதுகு போல் சரிந்த கூரை. சுமார் 10,000 கட்டினார்கள். குவாட் தனியாக நின்றால் பாதிக் கதைதான். பீரங்கியும் பெட்டியும் சேர்ந்தால்தான் அது முழுசு. அந்த மூன்றையும் சேர்க்கப் பணமும் இடமும் உள்ள குழுவுக்கு இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை. தனி ஆளுக்கு வேண்டாம்.

கனமான வண்டிகள்

ஏஇசி மாட்டடாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லண்டனுக்கு பஸ் கட்டிக்கொடுத்த சவுத்தால் தொழிற்சாலையில் பிறந்தது. நான்கு சக்கர இழுவை, 95 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், சேஸுக்குள் கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச். 5.5 அங்குலப் பீரங்கியும் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கியும் இதன் பின்னால்தான் போயின. 9,000க்கும் மேல் கட்டினார்கள்.

போருக்குப் பிறகு மாட்டடாருக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காட்டிலிருந்து மரம் இழுக்க இதைவிட நல்ல வண்டி அன்றைக்குக் கிடையாது. பஸ் கம்பெனிகள் பிரேக்டவுன் வண்டியாக வைத்துக்கொண்டன. பீரங்கிக் குழுவும் குண்டும் ஏற்றிய பின்பாடியைக் கழற்றிவிட்டு, உள்ளூர் பட்டறைகளில் கிரேன் கட்டி, கம்பிக்கயிறு போட்டு, முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டினார்கள். இன்று கிடைக்கும் மாட்டடார் பலவும் அந்தக் கோலத்தில்தான் கிடைக்கிறது.

இங்கேதான் எனக்குப் பலரோடும் கருத்து வேறுபாடு. வாங்குகிறவர் முதல் வேலையாக கிரேனை அறுத்து எறிந்துவிட்டு, புது மரத்தில் 1942 மாதிரிப் பின்பாடி கட்டி, பச்சை அடித்து, பீரங்கி வண்டி என்று நிறுத்திவிடுகிறார். நிற்பதில் பாதி இப்போது கட்டியது. அறுத்துப் போட்டதோ அந்த வண்டி உண்மையாக வாழ்ந்த வாழ்க்கை. பீரங்கி இழுத்த ஆண்டுகளுக்கு ஏற்கெனவே அருங்காட்சியக மாட்டடார்கள் சாட்சி சொல்கின்றன. வெல்ஷ் மலைச்சரிவில் மரம் தூக்கிய கிரேனோடு, அதன் முதலாளியின் பெயர் கதவில் மங்கிக் கிடக்கும் வண்டியை அப்படியே ஓடவைத்துக் காட்டுகிறவர்கள் இன்னும் அதிகம் வேண்டும். மாட்டடார் வாங்கினால் கிரேனோடு வாங்குங்கள், கிரேனோடேயே வைத்திருங்கள். ஒன்று மட்டும் கவனம்: கேபின் சட்டம் மரத்தாலானது, மேலே தகடு போர்த்தியது. தகடு பளபளவென்று இருந்தாலும் உள்ளே மரம் மாவாகியிருக்கலாம். கதவைத் திறந்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். கீல் பக்கத்துத் தூண் அசைந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஸ்காமெல் பயனியர் வாட்ஃபர்டில் பிறந்த ஆறு சக்கர ராட்சசன். கார்ட்னர் 6எல்டபிள்யூ டீசல், 102 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 24 மைல். உடைந்த டாங்கையும் லாரியையும் சேற்றிலிருந்து இழுத்த வண்டி. கார்ட்னர் எஞ்சின் பஸ்ஸிலும் படகிலும் ஓடியதால் எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது சாத்தியமே. ஆனால் பழுது மீட்பு வகை ஏறக்குறைய பத்து டன். அதை நிறுத்தவும் தூக்கவும் ஏற்றிப் போகவும் ஒரு பட்டறையே வேண்டும். குழுவாக எடுங்கள், இல்லையென்றால் அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழுங்கள்.

எந்த நிலையில் வைத்துக்கொள்வது

முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டும் கழற்றி, மணல் பீய்ச்சி, புதுசாகப் பூசி மாட்டுவது ஒரு வழி. கிடைத்த கோலத்தில் துரு பரவாமல் மட்டும் தடுத்து நிறுத்தி வைப்பது இன்னொரு வழி. எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் என்று உயிரும் பாதுகாப்பும் சார்ந்தவற்றை மட்டும் சரிசெய்து, மேல்தோலைத் தொடாமல் விடுவது இவை இரண்டுக்கும் நடுவே உள்ள வழி. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் பாதுகாத்தலையும் புதுப்பித்தலையும் தனித்தனியாகவே வகுக்கிறது. முடிந்தவரை குறைவாகக் கை வைப்பதே அதன் சாரம்.

முழுப் புதுப்பிப்பை நான் எதிர்க்கவில்லை. கேபின் தரை ஓட்டையாகி, பாடி இற்று, முன்பே நாலு பேர் மணல் பீய்ச்சிவிட்ட வண்டியில் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அதைப் பிரித்து மாட்டிப் புது வண்டியாக்கி, 1944 படையிறக்கத்தின் நினைவு நாளுக்கு ஜூன் மாதம் நார்மண்டிக் கரைக்கு ஓட்டிப்போய்ப் பேரன் பேத்திகளை ஏற்றிக் காட்டுங்கள். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு ஓடாத வண்டி தரமுடியாத ஒன்று கிடைக்கிறது. எஞ்சின் சத்தமும் பெட்ரோல் வாடையும்கூட வரலாறுதான்.

ஆனால் மேல்தோல் பிழைத்திருக்கும் வண்டி வேறு. அதன் கதவின் கீழ்மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இடம் எடுத்துக்கொண்டு, மிக நைசான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால் நிறங்கள் வளையம் வளையமாக விரியும். மேலே மரக்கம்பெனியின் சிவப்பு. அதற்குக் கீழே போருக்குப் பிறகு ராணுவம் பூசிய பளபளக்கும் கரும்பச்சை. அடுத்து மங்கலான ஆலிவ் பச்சை. அமெரிக்க வண்டிகளின் நிறத்தோடு ஒத்துப்போக 1944 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதற்கும் கீழே மண்ணிறப் பழுப்பு. 1941 வாக்கில் பச்சைச் சாயத்துக்கான குரோமியம் ஆக்ஸைடு தட்டுப்பாடானதால் பிரிட்டன் தன் லாரிகளைப் பழுப்பாக்கியது. பழுப்பின் மேல் கறுப்பு வட்டத் திட்டுகள் தெரிந்தால் அது மிக்கி மவுஸ் என்று சிப்பாய்கள் பேர் வைத்த மறைப்பு வண்ணம். எங்காவது மணல் மஞ்சள் தட்டுப்பட்டால் அந்த வண்டி பாலைவனம் பார்த்திருக்கிறது.

ஒரு நாணய அளவு இடத்தில் இவ்வளவு படிக்கலாம். மணல் பீய்ச்சுகிற இயந்திரம் இந்தப் புத்தகத்தை அரை மணி நேரத்தில் அழித்துவிடும். மனம் பதறுகிற விஷயம் இது. தேய்க்கும்போது நனைத்தே தேய்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு முகமூடி போட்டுக் கையாளுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள்.

தொடாமல் விடுவதன் எல்லையை செங்கடலில் பார்க்கலாம். எஸ்எஸ் திசில்கோர்ம் என்ற சரக்குக் கப்பல் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் படைக்குச் சாமான் ஏற்றிப் போய், 1941 அக்டோபர் 6ஆம் தேதி ஜெர்மன் விமானங்களின் குண்டில் மூழ்கியது. அதன் அறைகளில் இன்றும் பெட்ஃபோர்டு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முதுகில் மோட்டார் சைக்கிள்கள் அடுக்கியது அடுக்கியபடி. ஒரு படைக்குச் சாமான் எப்படிப் போனது என்பதைச் சொல்ல அதைவிடத் துல்லியமான இடம் கிடையாது. கூடவே, உப்புநீர் அவற்றை ஆண்டுக்கு ஆண்டு தின்கிறது, முக்குளிக்க வருகிறவர்களில் சிலர் நினைவுக்கு ஒரு துண்டைப் பிய்த்துப் போயிருக்கிறார்கள், நங்கூரக் கயிறுகள் கப்பலையே கிழித்திருக்கின்றன. கை வைக்காமல் விடுவதும் கவனிக்காமல் விடுவதும் வேறு வேறு. நிலத்தில் ஒரு லாரியைக் கிடைத்த கோலத்தில் காப்பவருக்கும் வேலை உண்டு: ஈரம் ஏறி இறங்காத கூரை, சேஸின் மூடிய பகுதிகளுக்குள் மெழுகுப்பூச்சு, டயரின் பாரம் இறங்க ஜாக்கி ஸ்டாண்டு, மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றிவிடுதல்.

ஓட்டப் போகிறவர் பெட்ரோலைக் கவனிக்க வேண்டும். போர்க்கால எஞ்சின்கள் மட்டமான பெட்ரோலுக்கென்றே குறைந்த அழுத்தத்தில் கட்டியவை. அதனால் ஆக்டேன் ஒரு பிரச்சினையே இல்லை. எத்தனால்தான் பிரச்சினை. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அது கரைத்துவிடும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், குறைந்த எத்தனால் உள்ள பெட்ரோலையே போடுங்கள். 40 ஆண்டைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி விலக்கு உண்டு. எந்த உரிமத்தில் எந்த எடையை ஓட்டலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றைத் தேடுவது

பிரிட்டிஷ் ராணுவ லாரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோடு கூடிய எண் உண்டு. லாரி என்றால் எல், ஒரு டன்னுக்குக் குறைந்த ட்ரக் என்றால் இசட், இழுவை வண்டிக்கு ஹெச், ஆம்புலன்ஸுக்கு ஏ. பானெட்டின் பக்கவாட்டிலோ கதவிலோ வெள்ளையில் எழுதியிருப்பார்கள். 1949இல் இந்த முறையை மாற்றி இரண்டு எண், இரண்டு எழுத்து, இரண்டு எண் என்ற வரிசையில் புது எண் கொடுத்தார்கள். அதனால் ஒரே வண்டியில், வெவ்வேறு பெயின்ட் அடுக்கில், இரண்டு எண்கள் ஒளிந்திருக்கலாம். சாய்வான வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாலே மேல் பெயின்ட்டுக்கு அடியில் எழுத்தின் மேடு தெரிவதுண்டு. போர்க்கால எண் கிடைத்துவிட்டால், எந்த ஒப்பந்தத்தில் எப்போது கட்டியது என்பதை நோக்கிப் போகலாம்.

சேஸ் எண்ணை நம்பலாம், எஞ்சின் எண்ணை நம்பக் கூடாது. ராணுவப் பட்டறைகள் எஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டி அனுப்புவது அன்றாட வழக்கம். லாரிகளின் பதிவு அட்டைகளுக்கு வொர்தி டவுனில் உள்ள ராயல் லாஜிஸ்டிக் கோர் (ராணுவப் போக்குவரத்து, வழங்கல் படை) அருங்காட்சியகம். கவச வாகனமென்றால் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம். பழுதுபார்ப்பு விவரங்களுக்கு லைனமில் உள்ள ராணுவ மின், இயந்திரப் பொறியாளர் படையின் அருங்காட்சியகம். லண்டனின் க்யூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன: மத்தியக் கிழக்குக்கு டபிள்யூஓ (வார் ஆபீஸ், அதாவது போர் அலுவலகம்) 169 வரிசை, வடமேற்கு ஐரோப்பாவுக்கு 171, தென்கிழக்கு ஆசியாவுக்கு 172. அந்த நாட்குறிப்புகள் படையைப் பற்றிப் பேசுமே தவிர தனி லாரியைப் பற்றி அரிதாகத்தான் பேசும். எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றில்லாத படைச்சின்னத்தை மட்டும் வண்டியில் வரையாதீர்கள். கண்காட்சிகளில் நிற்கும் லாரிகளை எண்ணினால் ஏழாவது கவசப் பிரிவின் பாலைவன எலிக்கு இத்தனை லாரிகளா என்று தோன்றும். நாலாவது இந்தியப் பிரிவின் செங்கழுகைத் தன் லாரியில் பார்க்க நம்மவர்களுக்கும் ஆசை வரும். அதன் படையினர் எரித்ரியாவிலும் மான்டே காசினோவிலும் சிந்திய ரத்தத்துக்கு நாம் காட்டும் மரியாதை அது என்று நினைப்போம். அந்த மரியாதைக்கு உண்மையான வழி, அந்தச் சின்னத்தைத் தாங்கிய வண்டி என்று தெரிந்ததில் மட்டும் அதை வைப்பது. தெரியாதபோது எண்ணை மட்டும் எழுதிவிட்டு மற்ற இடத்தைக் காலியாக விடுங்கள்.

என் தேர்வு

ஒரே கொட்டகையில் இரண்டு க்யூஎல் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பளபளக்கும் பச்சையில் சாவி போட்டதும் ஓடுகிறது. இன்னொன்றில் கோழி எச்சம் காய்ந்து கிடக்கிறது, கேபின் கதவில் ஏதோ பண்ணையின் பெயர், பெயின்ட் செதில் செதிலாக. விலை அருகருகே இருந்து, இரண்டாவதன் சேஸ் நேராகவும் துரு தின்னாமலும் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் எரிபொருள் குழாயையும் முழுக்கச் சரிசெய்வேன், கோழி எச்சத்தைக் கழுவுவேன், பெயின்ட்டைத் தொடமாட்டேன். முதலாவதை, அடுத்த மாதமே ஓட்டிப்போக வேண்டும் என்கிறவர் நிம்மதியாக வாங்கலாம்; அதை உரித்த பாவம் அவருடையதல்ல. சேஸ் வளைந்தோ வெல்டிங் போட்டோ இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

எந்த வழியில் போனாலும், கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கழற்றிய இற்ற பலகையையும் ஒரு துண்டாவது எண் போட்டு உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். புதிதாகப் போடுகிற ஒவ்வொரு பலகையின் உள்பக்கத்திலும், ஒவ்வொரு தகட்டின் மறைவான ஓரத்திலும், போட்ட ஆண்டைச் சூட்டுக்கோலாலோ குத்தூசியாலோ பொறித்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை எடுக்கிறவர், எது 1943 எது 2025 என்று யோசிக்க வேண்டியிருக்காது.